நீள் வகுத்தல்: எங்கே தடுக்குகிறது, யாரைக் கேட்பது

புதுச்சேரியில், பாகூர் கொம்யூனின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது சோரியாங்குப்பம். அங்கிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணும், அந்தப் பக்கம் படிக்கிற அவளுடைய மாமா மகளும் ஒரே வயது, ஒரே வகுப்பு. கணக்குப் புத்தகம் மட்டும் வேறு வேறு. புதுச்சேரிக்கென்று சொந்தமாகப் பாடத்திட்டம் கிடையாது. பல காலம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் புத்தகத்தையே படித்தன. 2023-24 கல்வியாண்டில் தொடங்கி மேல்வகுப்புகளிலும் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. தனியார் பள்ளிகள் பலவற்றில் இன்றும் தமிழ்நாட்டுப் புத்தகம்தான்.

மாறியதைப் பற்றி வாதாட இந்த அத்தியாயத்தில் இடமில்லை. ஆனால் மாறிய வேகத்தில் ஒரு பாடம் சத்தமில்லாமல் நழுவியிருக்கிறது. அதுதான் பல்லுறுப்புக்கோவைகளின் நீள் வகுத்தல். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் படிக்கிற புத்தகங்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. 2022-23இல் அவற்றின் சுமையைக் குறைத்தபோது ஒன்பதாம் வகுப்பில் மீதித் தேற்றம் போனது. அதை விளக்க வந்த நீள் வகுத்தலும் கூடவே போனது. பத்தாம் வகுப்பில் இதற்கென இருந்த தனிப் பகுதியும் நீங்கியது. காரணித் தேற்றம் மட்டும் தங்கிவிட்டது.

சிக்கல் இங்கேதான். x³ − 6x² + 11x − 6 என்ற கோவையைக் காரணிப்படுத்து என்கிறது கேள்வி. x-க்கு 1 போட்டால் 1 − 6 + 11 − 6, அதாவது பூஜ்யம். ஆகவே x − 1 ஒரு காரணி. இதுவரை காரணித் தேற்றம் கைப்பிடித்துக் கூட்டிவரும். மீதிக் காரணிகள் வேண்டுமென்றால் அந்தக் கோவையை x − 1ஆல் வகுத்து x² − 5x + 6 என்று கொண்டுவர வேண்டும். உறுப்புகளைப் பிரித்து எழுதிச் சேர்க்கிற குறுக்கு வழி ஒன்று உண்டு. கண் பழகியவர்களுக்கே அது வசப்படும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடல் வரும்போது நிலைமை இன்னும் மோசம். மேலே x² + 1, கீழே x² − 5x + 6 என்று ஒரு பின்னம் வந்தால், முதலில் வகுத்து 1-ஐத் தனியே எடுத்து, மேலே 5x − 5 மட்டும் மிஞ்சும்படி செய்த பிறகே பகுதிப் பின்னங்களாகப் பிரிக்க முடியும். ஆசிரியர் “டிவைட் பண்ணிக்கோங்க” என்று ஒரே மூச்சில் கடந்துவிடுவார். அதை எந்த வகுப்பில் படித்தோம் என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆக, தேட வேண்டிய முதல் பொருள் ஆற்றுக்கு அந்தப் பக்கப் புத்தகம். 2018-19இல் வெளிவந்த தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இயற்கணிதப் பாடத்தில் நீள் வகுத்தல், மீதித் தேற்றம், தொகுமுறை வகுத்தல் மூன்றும் தீர்த்த கணக்குகளோடு இருக்கின்றன. அடுத்த ஆண்டு வந்த பத்தாம் வகுப்புப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தியையும் ஒரு கோவையின் வர்க்கமூலத்தையும் இதே நீள் வகுத்தலால் கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டும் உண்டு. இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மாமா மகளிடமோ, தனியார் பள்ளிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சனி, ஞாயிறு இரவல் வாங்கினால் அதைவிட நல்லது. கைப்பேசித் திரையில் நீள் வகுத்தல் படிப்பது கண்ணுக்கு வேதனை.

புத்தகம் கிடைத்தாயிற்று. கணக்கு வரவில்லை. ஏன்?

இந்தக் கணக்கில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் யாரும் உரக்கச் சொல்வதில்லை. தொடக்கப் பள்ளியில் போட்ட அதே வகுத்தல்தான் இது: வகு, பெருக்கு, கழி, இறக்கு. நூறு, பத்து, ஒன்று என்ற இடங்களுக்குப் பதிலாக x², x, மாறிலி என்ற இடங்கள். அவ்வளவுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் பிறந்த கணித அறிஞர் அல்-சமவ்அல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். கோவையின் கெழுக்களை அடுக்கு வாரியாகக் கட்டங்களில் நிரப்பி, எண்களை வகுப்பதுபோலவே வகுத்துக் காட்டினார். இன்றைக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக்கொள்வது இந்தப் பாடத்துக்கு ஆகக் குறைந்த செலவில் கிடைக்கிற உதவி. ஒரு கட்டத்துக்கு ஓர் உறுப்பு. x² நெடுவரிசையில் x² மட்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். 2x³ − 3x + 5 என்பதை x − 2ஆல் வகுக்க வேண்டும்.

கேள்வியில் x² உறுப்பு இல்லை. பத்துக்கு எட்டுப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வதுண்டு. எண்ணிக்கையை யாரும் அளந்து பார்த்ததில்லை, ஆனால் திருத்துகிற நோட்டுகள் அதற்குச் சாட்சி. 2005 என்று எழுதும்போது நடுவில் இருக்கிற இரண்டு பூஜ்யங்களை யாராவது விட்டுவிட்டு 25 என்று எழுதுவார்களா? இல்லாத உறுப்புக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. ஆகவே 2x³ + 0x² − 3x + 5 என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது 2x³-ஐ x ஆல் வகுத்தால் 2x². அதை x − 2ஆல் பெருக்கினால் 2x³ − 4x². மேலே இருப்பதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். 0x² − (−4x²), அதாவது 4x². அடுத்த உறுப்பை இறக்கினால் 4x² − 3x. மறுபடி வகு: 4x. பெருக்கு: 4x² − 8x. கழி: 5x. இறக்கு: 5x + 5. இன்னொரு முறை: 5, பிறகு 5x − 10, கழித்தால் 15. ஈவு 2x² + 4x + 5, மீதி 15.

இரண்டாவது தடுக்கல் அந்தக் கழித்தலில் இருக்கிறது. மைனஸைக் கழித்தால் பிளஸ் என்பது வாய்ப்பாடுபோல மனப்பாடமாக இருக்கும். கை மட்டும் −4x² என்றே எழுதும். அந்த ஒரு பிழையோடு மேலே போனால் ஈவு 2x² − 4x − 11, மீதி −17 என்று முடியும். மற்ற எல்லாப் படிகளும் சரியாக இருக்கும். விடை மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். கழிக்கப் போகிற வரியை அடைப்புக்குறிக்குள் போட்டு, உள்ளே உள்ள ஒவ்வொரு குறியையும் வேறு நிறப் பேனாவால் மாற்றி எழுதிவிட்டுப் பிறகு கூட்டுவது பழைய ஆசிரியர்களின் வழக்கம். அழகில்லாத வழக்கம்தான். ஆனால் பிழை குறைகிறது.

விடை சரியா என்று தெரிந்துகொள்ள விடைப் பக்கமே தேவையில்லை. x − 2ஆல் வகுத்தோம் அல்லவா? x-க்கு 2 போடுங்கள்: 16 − 6 + 5 = 15. இதுவே மீதி. நீக்கப்பட்ட மீதித் தேற்றம் இவ்வளவுதான். மீதி −17 என்று வந்தவர் இந்த ஒரு வரியில் தன் கணக்கு தவறு என்று தானே கண்டுபிடித்துவிடுவார்.

ஈவையும் சேர்த்துச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. இயற்கணிதமே தெரியாத அம்மாவும் அப்பாவும் கூட உதவக்கூடிய வழி அது. x-க்கு 10 போட வேண்டும். கேள்வி 2000 − 30 + 5, அதாவது 1975 ஆகிவிடும். வகுத்தி 8. ஈவு 200 + 40 + 5, அதாவது 245. எட்டு இருநூற்று நாற்பத்தைந்து 1960. மீதி 15 சேர்த்தால் 1975. கணக்கு நிமிர்ந்தது. கூட்டல், பெருக்கல் மட்டுமே தெரிந்த ஒருவர் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைத் திருத்திவிட்டார்.

இந்தச் சோதனையில் கவனமான பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். வகுத்தி 8, மீதி 15. மீதி எப்படி வகுத்தியைவிடப் பெரிதாக இருக்கும்? 1975-ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 246, மீதி 7 என்றுதானே வரவேண்டும்? அருமையான கேள்வி, அடக்கிவிடக் கூடாது. எண்களில் மீதி, வகுத்தியைவிடச் சிறிய எண்ணாக இருக்க வேண்டும். கோவைகளில் பார்ப்பது படியை. 15 ஒரு மாறிலி, அதன் படி 0. x − 2-இன் படி 1. மீதியின் படி குறைந்துவிட்டது, வகுத்தல் முடிந்துவிட்டது. x எந்த எண் என்று தெரியாத நிலையில் 15 பெரிதா, x − 2 பெரிதா என்று கேட்கவே முடியாது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது என்ற குழப்பமும் தீர்ந்துவிடும்.

இனி ஆளைத் தேடும் விஷயம். பாகூர் என்றால் கல்விக்குப் பழைய பெயர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் மானியமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. இன்று அதே ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் கேட்க இருக்கிற நேரம், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கடைசி பதினைந்து நிமிடம். பள்ளி விட்ட பிறகு நின்று கேட்கலாம் என்றால், ஒரு காலத்தில் ஒரு ரூபாய் பஸ் என்று பேர் வாங்கிய மாணவர் சிறப்புப் பேருந்து போய்விடும். உள்ளே தள்ளி இருக்கிற கிராமங்களுக்கு அடுத்த வண்டி எப்போது என்பது தனிக் கணக்கு.

அதனால் கேட்கிற விதம் முக்கியம்.

“சார், இந்தக் கணக்கு வரல.”

“எந்தக் கணக்கு? புத்தகத்த எடுத்துட்டு வா.”

இப்படித் தொடங்கினால் ஆசிரியர் முழுக் கணக்கையும் தானே போட்டுக்காட்டுவார், மணி அடித்துவிடும். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போகும். வீட்டில் உட்கார்ந்தால் அதே இடத்தில் மறுபடி நிற்கும். தவறாகப் போட்ட பக்கத்தை அழிக்காமல் கொண்டுபோய், “சார், ரெண்டாவது கழித்தல் வரைக்கும் வருது, x-க்கு 2 போட்டா மீதி 15 வரணும், எனக்கு −17 வருது, எங்க தப்புன்னு பாருங்க” என்று கேட்டால் அரை நிமிட வேலை. ரப்பரால் சுத்தமாக அழித்த நோட்டைக் கொண்டுபோவது, காய்ச்சல் நின்ற பிறகு மருத்துவரிடம் போவதுபோல. அவர் எதைப் பார்த்துச் சொல்வார்?

ஆசிரியர் கிடைக்காத நாளில் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். கல்லூரிக்குப் போகிற அக்கா, டிப்ளமோ முடித்துவிட்டுச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற அண்ணன். வில்லியனூர் பக்கம் அப்படி ஒருவராவது இல்லாத தெரு குறைவு. அவர்கள் தமிழ்வழியில் படித்திருந்தால் ஈவு, மீதி, கெழு என்பார்கள். பிள்ளை கோஷன்ட், ரிமைண்டர், கோஎஃபிஷியன்ட் என்னும். முதல் ஐந்து நிமிடம் இதைச் சரிசெய்துகொண்டால் போதும். அண்ணன் கணக்கைப் போட, தங்கை வேடிக்கை பார்ப்பதில் பயனில்லை. தங்கை போட வேண்டும், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். தவறு வந்த கையோடு “அந்த வரியை இன்னொரு தரம் பாரு” என்று மட்டும் சொல்ல வேண்டும். பொறுமை வேண்டிய வேலை இது. ட்யூஷன் சேர்ப்பதாக இருந்தாலும் பெற்றோர் விசாரிக்க வேண்டியது இதையே: அங்கே பலகையில் சார் போடுகிறாரா, நோட்டில் பிள்ளை போடுகிறதா?

புதுச்சேரிக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் 1826 முதல் இயங்குகிற பிரெஞ்சு லிசேயிலோ வேறு பிரெஞ்சுப் பள்ளியிலோ படித்த பெரியவர்கள் உதவிக்கு வந்தால், அவர்கள் வகுத்தியை இடப்பக்கம் எழுத மாட்டார்கள். வலப்பக்கம் ஒரு கோடு போட்டு வகுத்தியை அங்கே எழுதி, ஈவை அதற்குக் கீழே எழுதுவார்கள். கணக்கு அதேதான், இருக்கைதான் மாறியிருக்கிறது. தேர்வுத்தாளில் தன் பள்ளியில் பழகிய வடிவத்தையே பிள்ளை எழுதட்டும்.

தொகுமுறை வகுத்தலைப் பற்றிச் சுருக்கமாக: வகுத்தி x − 2 மாதிரி ஒருபடிக் கோவையாக இருந்தால், x-களை எல்லாம் விட்டுவிட்டுக் கெழுக்களை மட்டும் எழுதி வேலையை முடிக்கலாம். இத்தாலியின் ருஃபினியும் இங்கிலாந்தின் ஹார்னரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியே கொடுத்த வழி. 2, 0, −3, 5 என்று எழுதி 2ஆல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் 2, 4, 5, 15. முதல் மூன்று ஈவின் கெழுக்கள், கடைசி மீதி. மூன்று வரியில் முடிகிற இந்த வித்தையைப் பார்த்ததும் பிள்ளைகள் நீள் வகுத்தலைக் கைவிட்டுவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். வகுத்தி 2x − 1 என்று வந்தால் ½ஐ வைத்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஈவை 2ஆல் வகுக்க மறந்துவிடுவார்கள். 2x² + 3x − 2 என்ற கோவையை அப்படிப் போட்டால் 2, 4, 0 வரும். ஈவு 2x + 4 அல்ல, x + 2. வகுத்தி x² − 5x + 6 போல இருபடியாக இருந்தால் பள்ளியில் கற்கிற இந்த வடிவம் உதவாது. நீள் வகுத்தல் எல்லா இடத்திலும் நடக்கும். முதலில் அது கைக்கு வரட்டும்.

கைப்பேசி பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயம் முடியாது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் தகவல் மையங்களைத் திறந்தபோது, ஒரு கணினியைத் தேடி ஊரே ஓர் அறைக்கு வந்தது. இப்போது அந்த அறை சட்டைப்பையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகத்தின் பாடங்களில் அச்சிட்டிருக்கும் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சியின் வகுப்புகள் யூடியூபில் கிடைக்கின்றன. பார்க்கிறபோது எல்லாம் புரியும், அதுதான் ஆபத்து. முதல் கழித்தல் வந்ததும் காணொளியை நிறுத்தி, அடுத்த வரியைத் தானே எழுதிவிட்டு, பிறகு ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். கணக்கைப் படம் எடுத்தால் படிப்படியாக விடை காட்டும் போட்டோமேத் போன்ற செயலிகளையும், கேட்டால் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் கடைசியாகத் திறப்பது நல்லது. அவை தரும் விடையையும் x-க்கு 10 போட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். நுண்ணறிவுச் செயலிகள் தவறான விடையையும் தடுமாறாமல் சொல்லிவிடும்.

அந்தக் கியூ.ஆர். குறியிலேயே பல்லுறுப்புக்கோவை வகுத்தல் ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வில்லியனூர் டீக்கடை மேசையில் ஒட்டியிருக்கிற பணம் செலுத்தும் குறி, பால் சிந்தியும் ஓரம் கிழிந்தும் எப்படி வேலை செய்கிறது? 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் இதை வடிவமைத்தபோது, உள்ளே இருக்கிற தகவலை ஒரு பல்லுறுப்புக்கோவையாக வைத்து, குறிப்பிட்ட இன்னொரு கோவையால் வகுத்து, கிடைக்கிற மீதியையும் சேர்த்தே கட்டங்களில் எழுதச் செய்தது. படிக்கிற கருவி அந்தக் கூடுதல் எண்களை வைத்து அழிந்த பகுதியை மீட்டெடுக்கிறது. உச்ச அளவில், சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் தகவலை மீட்கலாம். அங்கே கூட்டலும் பெருக்கலும் வேறு விதிகளில் நடக்கும். வகு, பெருக்கு, கழி, இறக்கு என்ற வரிசை மட்டும் அதேதான். “இது எதுக்கு சார் படிக்கணும்?” என்று கேட்கிற பிள்ளையிடம் காட்ட இது போதும்.

பயிற்சிக் கணக்குகள் தீர்ந்துவிட்டால் புதுப் புத்தகம் வாங்கத் தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். ஒரு வகுத்தியையும் ஓர் ஈவையும் மனத்தில் நினைத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கி, பிடித்த எண் ஒன்றைக் கூட்டினால் கணக்கு தயார். x + 3, x² − 2 இரண்டையும் பெருக்கி 5 கூட்டினால் x³ + 3x² − 2x − 1. இதை x + 3ஆல் வகுக்கச் சொல்ல வேண்டும். ஈவு x² − 2, மீதி 5 என்பது கொடுத்தவருக்கு மட்டும் தெரியும். நடுவில் ஒருமுறை கழித்தால் x² இடம் காலியாகி, இரண்டு உறுப்புகளைச் சேர்த்து இறக்க வேண்டிய நிலை வரும். அங்கே ஈவில் x-க்கு 0 எழுத வேண்டும் என்று சட்டெனப் பிடிபடாது. இரண்டு தோழிகள் சேர்ந்தால் ஆளுக்கு ஐந்து இப்படித் தயாரித்து நோட்டை மாற்றிக்கொள்ளலாம். பெருக்கும்போதே குறிகளில் பாதிப் பயிற்சி முடிந்துவிடும். முதல் வாரம் மீதி 0 வருகிற கணக்குகளாகவும், பிறகு மீதி உள்ளவையாகவும், அதற்குப் பிறகு ஓர் உறுப்பு காணாமல் போனவையாகவும் தரலாம்; இருபடி வகுத்தியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.